குங்குமப்பூவின் மேல் ஒரு பழி

டிசம்பர் பிறந்துவிட்டால் ஸ்வீடன் நாட்டு மளிகைக் கடைகளில் ஒரு குட்டி உறைக்குக் கிராக்கி கூடிவிடும். உள்ளே இருப்பது அரை கிராம் குங்குமப்பூ. உறை சின்னது, விலை பெரியது, சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு போவதும் எளிது என்பதால் பல கடைகளில் அதை அலமாரியில் வைப்பதில்லை. கல்லாவில் கேட்டுத்தான் வாங்க வேண்டும். இரண்டு உறை இருந்தால் ஒரு வீட்டுக்கு வேண்டிய லுஸ்ஸெகட் பன்களைச் சுட்டுவிடலாம்.

டிசம்பர் 13 அங்கே புனித லூசியா நாள். வெள்ளை அங்கியும் சிவப்பு இடைக்கச்சையும் மெழுகுவத்திக் கிரீடமும் அணிந்த பெண் முன்னே நடக்க, பின்னால் பாடியபடி ஊர்வலம் வரும். 1927இல் ஸ்டாக்ஹோம் நாளிதழ் ஒன்று லூசியாவைத் தேர்ந்தெடுக்கப் போட்டி வைத்த பிறகுதான் ஊர்வலம் இன்றைய உருவில் ஊரூராகப் பரவியது. பழைய ஜூலியன் நாட்காட்டி புழங்கிய காலத்தில் ஆண்டின் மிக நீண்ட இரவு இந்தத் தேதியை ஒட்டி விழுந்ததுண்டு. அந்த இருட்டுக்குத்தான் இத்தனை மெழுகுவத்தியும். காப்பியோடு கொடுக்கும் பன்னும் மஞ்சளாக இருக்கும். ஒரு முனை இந்தப் பக்கமும் மறு முனை அந்தப் பக்கமுமாகச் சுருட்டி, ஒவ்வொரு சுருளின் நடுவிலும் ஓர் உலர்திராட்சையை அழுத்தியிருப்பார்கள்.

ஓவனிலிருந்து எடுத்த ஒரு மணி நேரத்தில் இதைப்போல மெத்தென்ற பண்டம் வேறில்லை. மறுநாள் காலையில் அதே பன் தொண்டையில் நிற்கும். காப்பி இல்லாமல் இறங்காது. ஏன் இப்படி என்று கேட்டால் ஸ்வீடன் சமையலறைகளில் தயாராக ஒரு பதில் இருக்கிறது: குங்குமப்பூ ஈரத்தை உறிஞ்சிவிடுகிறது, குங்குமப்பூ போட்டால் பன் காயத்தான் செய்யும்.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். வீடுகளில் வழக்கமாகச் சேர்க்கும் அளவு அரை லிட்டர் பால், 175 கிராம் வெண்ணெய், கால் கிலோ க்வார்க், 2 டெசிலிட்டர் சர்க்கரை, 50 கிராம் ஈர ஈஸ்ட், ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவான மைதா, ஒரு கிராம் குங்குமப்பூ. க்வார்க் என்பது நீர் வடித்த தயிரை ஒத்த ஒரு புளிப்புப் பாலாடைக்கட்டி. எல்லாம் சேர்ந்து இரண்டு கிலோவுக்கு மேல் வரும். பாலில், க்வார்க்கில், வெண்ணெயில், ஈஸ்டில், மைதாவிலேயேகூட ஒளிந்திருக்கும் தண்ணீரைக் கூட்டினால் ஏறத்தாழ 800 கிராம். அந்த ஒரு கிராம் பூ தன் எடையைப்போலப் பத்து மடங்கு தண்ணீரைக் குடிக்கிறது என்றே வைத்துக்கொண்டாலும் போவது 10 கிராம்தான், நூற்றில் ஒரு பங்கு சொச்சம். அதுவும் மாவில் சேரும் முன்பே பாலில் ஊறி வயிறு நிறைந்த பூ. இவ்வளவு சின்ன ஆள்மீது இவ்வளவு பெரிய பழி நிற்காது. சந்தேகம் இருப்பவர்கள் மாவைப் பிசையும் முன் பாலை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் மட்டும் குங்குமப்பூவைக் கரைத்து இரு மாவாகப் பிசைந்து, ஒரே ஓவனில் சுட்டுப் பார்க்கலாம். மறுநாள் இரண்டுமே காப்பியைத் தேடும்.

அப்படியானால் குங்குமப்பூ பன்னுக்குள் செய்வதுதான் என்ன? நிறமும் கசப்பும் மணமும் கொடுக்கிறது. மூன்றும் வெவ்வேறு வேதிப்பொருள்களின் வேலை. ஒரு கிராம் சேர்க்க ஏறக்குறைய 150 பூக்களிலிருந்து, பூவுக்கு மூன்றாக, சூலகமுடிகளைக் கையால் கிள்ள வேண்டும். அவற்றிலுள்ள நிறமியின் பெயர் குரோசின். காரட்டுக்கு நிறம் தரும் கரோட்டினாய்டுக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். ஆனால் காரட்டின் நிறம் எண்ணெயில் இறங்கும், தண்ணீரில் இறங்காது. குங்குமப்பூவோ தண்ணீரிலும் பாலிலும் பொன்னாகக் கரைந்துவிடும். காரணம், குரோசினின் இரு முனைகளிலும் சர்க்கரை மூலக்கூறுகள் ஒட்டியிருக்கின்றன. சர்க்கரைக்குத் தண்ணீர் பிடிக்கும், அது நிறமியையும் கூடவே இழுத்துக்கொண்டு போகிறது. குரோசினை உடைத்தால் ஒரு பக்கம் சர்க்கரையும் மறுபக்கம் தண்ணீரில் கரைய மறுக்கும் நிறமியும் தனித்தனியாகக் கிடைப்பதிலிருந்து இது தெரியவந்தது. இந்தக் குடும்பத்தின் கட்டமைப்பை ஒவ்வொன்றாக அவிழ்த்தவர்களில் முதன்மையானவர் சூரிச் நகரத்து வேதியியலாளர் பால் காரர். கரோட்டினாய்டுகளும் வைட்டமின்களும் பற்றிய ஆய்வுக்காக 1937இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

கசப்புக்குப் பொறுப்பு பிக்ரோகுரோசின். பூவைக் காயவைக்கும்போது அது உடைந்து சாஃப்ரனால் என்ற மணப்பொருளாக மாறுகிறது. பச்சைப் பூவில் இல்லாத அந்த மணம் உலர்ந்த பூவில் வருவது இப்படித்தான். இழைகளைச் சிறு உரலில் ஒரு சிட்டிகை சர்க்கரையோடு நுணுக்கி, வெதுவெதுப்பான பாலில் அரைமணி நேரம் ஊறவிடுவது ஸ்வீடனில் வழக்கம். சர்க்கரைப் பரல்கள் இழையின் செல்களைக் கிழிக்கின்றன, பால் நிறத்தை வெளியே எடுக்கிறது. சிலர் ஒரு கரண்டி பிராந்தியில் ஊறவைக்கிறார்கள். நிறமியும் கசப்பும் சாராயம் கலந்த நீரில் நன்றாக இறங்கும், தண்ணீரோடு ஒட்டாத சாஃப்ரனாலும் இறங்கும் என்பதால் அதுவும் சரியான யோசனைதான். நுணுக்காமல் முழு இழையாக மாவில் தூவினால் அங்கங்கே சிவப்புக் கோடுதான் மிஞ்சும், கொடுத்த காசு வீண்.

சர்க்கரைக்கு வருவோம், அங்கே வேறொரு தகராறு நடக்கிறது. மைதாவின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டிச் சர்க்கரை போனால் ஈஸ்ட் திணறத் தொடங்கும். லுஸ்ஸெகட் மாவில் அது ஐந்தில் ஒரு பங்கை நெருங்குகிறது. ஈஸ்ட் ஓர் ஒற்றைச் செல் பூஞ்சை. அதன் மெல்லிய சவ்வு தண்ணீரை விடும், சர்க்கரையைச் சுலபத்தில் விடாது. வெளியே சர்க்கரைக் கரைசல் அடர்த்தியாக இருந்தால் உள்ளிருக்கும் தண்ணீர் வெளியேறும். இதற்குச் சவ்வூடுபரவல் என்று பெயர். அடர்ந்த சர்க்கரைப் பாகில் ஈஸ்டைப் போட்டு நுண்ணோக்கியில் பார்த்தால் செல்கள் சுருங்குவது தெரியும். ஈஸ்ட் தனக்குத் தானே கெடுதல் செய்துகொள்வதும் உண்டு. அது சுரக்கும் இன்வர்டேஸ் என்ற நொதி, ஒரு சர்க்கரை மூலக்கூறை குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் என்று இரண்டாக வெட்டுகிறது. மூலக்கூறு எண்ணிக்கை ஏற ஏறத் தண்ணீரை இழுக்கும் வலுவும் ஏறுகிறது. தப்பிக்க ஈஸ்ட் தனக்குள்ளேயே கிளிசராலைச் செய்து குவித்து, உள் அடர்த்தியை உயர்த்திக்கொள்கிறது. அந்த நேரமெல்லாம் மாவு உப்பாமல் கிடக்கும். இந்த இழுபறியைத் தாங்கும் ஈஸ்ட் வகைகளைத் தேர்ந்தெடுத்து, இனிப்பு மாவுக்கான ஈஸ்ட் என்று ஸ்வீடன் கடைகளில் தனியாகவே விற்கிறார்கள்.

பாலின் சூட்டுக்குச் செய்முறைகள் சொல்லும் அளவு விரல் சூடு, அதாவது 37 டிகிரி செல்சியஸ். சுண்டுவிரலை விட்டால் சூடும் தெரியக்கூடாது, குளிரும் தெரியக்கூடாது. உருக்கிய வெண்ணெயில் பாலை ஊற்றியே பலர் இந்தச் சூட்டுக்கு வருகிறார்கள். அவசரப்பட்டு 55 டிகிரிப் பாலில் ஈஸ்டைக் கரைத்தால் அதன் கதை அங்கேயே முடிந்துவிடும்.

பன் உண்மையிலேயே ஈரம் குறைந்து பிறக்கும் இடம் மாவை அளப்பதுதான். ஸ்வீடனில் மாவை எடை போடும் பழக்கம் குறைவு, டெசிலிட்டர் குவளையால் அளப்பார்கள். ஒரு டெசிலிட்டர் மைதா 60 கிராம் என்பது அவர்கள் கணக்கு. பைக்குள் குவளையை அழுத்தி அள்ளினால் 70 கிராம்கூட ஏறிவிடும். பதினைந்து குவளைக்கு 150 கிராம் கூடுதல்! பிசையும்போது மாவு கையில் ஒட்டுகிறதே என்று மேலும் இரண்டு பிடி தூவுவது அடுத்த இடி. ஒட்டுவது தவறல்ல. மைதாவிலிருக்கும் இரு புரதங்கள் தண்ணீரில் நனைந்து ஒன்றோடொன்று பின்னிப் பசையம் என்ற மீள்தன்மையுள்ள வலையாவதற்கு நேரம் வேண்டும். வெண்ணெயும் சர்க்கரையும் அந்தப் பின்னலைத் தாமதப்படுத்துகின்றன; ஒன்று வழுக்குகிறது, மற்றது தண்ணீருக்குப் போட்டியிடுகிறது. பத்து நிமிடம் பொறுமையாகப் பிசைந்தால் அதே மாவு பாத்திரத்தின் ஓரத்தை விட்டுத் தானாகவே உருண்டு வரும். க்வார்க் சேர்ப்பதன் சூட்சுமமும் இங்கேதான். பால் புரதம் தண்ணீரைப் பிடித்துவைத்திருப்பதால், மாவு ஒழுகாமலே கூடுதல் ஈரத்தை உள்ளே சேர்த்துவிடலாம்.

இப்படி எல்லாம் சரியாகச் செய்து, 225 டிகிரி ஓவனில் ஏழெட்டு நிமிடத்துக்கு மேல் விடாமல் எடுத்த பன்னும் மறுநாள் காய்ந்துதான் போகிறது. அப்போது தண்ணீர் எங்கே போகிறது?

எங்கும் போவதில்லை. இதை முதலில் தராசு வைத்துக் காட்டியவர் பிரெஞ்சு வேதியியலாளர் பூஸங்கோ. 1852இல் அவர் வெளியிட்ட ஆய்வில், காற்றுப் புகாமல் அடைத்துவைத்த ரொட்டியும் பழசாகிறது என்று கண்டார். ஈரம் வெளியேற வழியில்லை, ஆனாலும் ரொட்டி விறைத்துவிட்டது. அடுத்து அவர் செய்ததுதான் அழகு. பழைய ரொட்டியை 70 டிகிரி அளவுக்குச் சூடேற்றினார். சூட்டில் அது இன்னும் கொஞ்சம் தண்ணீரை இழந்தது, எடை குறைந்தது. ஆனால் புது ரொட்டியைப்போல மென்மையாகிவிட்டது! அதிகத் தண்ணீர் இருந்தபோது காய்ந்த ரொட்டி, குறைந்தபோது ஈர ரொட்டி. நாக்கு ‘காய்ந்தது’ என்று சொல்வதும் தராசு சொல்வதும் ஒன்றல்ல என்று இதனால் ஆயிற்று. இந்தச் சோதனைக்கு இன்று ஒரு சமையலறைத் தராசும் இறுக மூடும் டப்பாவும் போதும்.

விடை மாவுச்சத்தில் இருக்கிறது. கோதுமைமணியில் அது சிறு பரல்களாக இருக்கும். ஒவ்வொரு பரலிலும் குளுக்கோஸ் சங்கிலிகள் இரண்டு வகை: நீளமாக, அநேகமாகக் கிளையில்லாமல் ஓடும் அமைலோஸ், மரம்போலக் கிளைவிட்ட அமைலோபெக்டின். பச்சை மாவில் இவற்றின் பெரும்பகுதி ஒழுங்காக அடுக்கப்பட்ட படிகம். கல்யாண மண்டபத்தில் ஒன்றின் மேல் ஒன்றாகச் செருகி ஓரத்தில் வைத்த பிளாஸ்டிக் நாற்காலிகளை நினைத்துக்கொள்ளுங்கள். சூடும் தண்ணீரும் சேர்ந்து வந்தால், 60 டிகிரியைத் தாண்டியதும் அடுக்கு கலைகிறது. நாற்காலிகள் மண்டபம் முழுக்கப் பரவுகின்றன, இடையிலெல்லாம் தண்ணீர் மூலக்கூறுகள் விருந்தாளிகளாக வந்து உட்கார்கின்றன. பரல் ஊதிக் கூழாகிறது. சோறு வேகும்போதும் கஞ்சி கெட்டிப்படும்போதும் நடப்பது இதே கூழாதல்தான். பன்னின் உட்பகுதி மென்மையாக இருப்பதும் இந்தக் கலைந்த நிலையால்தான்.

பன் ஆறத் தொடங்கியதும் சங்கிலிகள் மறுபடி அடுக்கிக்கொள்ளப் பார்க்கின்றன. இதை மீள்படிகமாதல் என்று சொல்லலாம். நீளமான அமைலோஸ் முந்திக்கொள்கிறது, சில மணி நேரத்திலேயே அடுக்கி முடித்துவிடும். சுடச்சுடப் பிட்டால் பிசினாக நசுங்கும் பன், ஆறிய பிறகு நிமிர்ந்து நிற்பது இதன் உபயம். கிளைவிட்ட அமைலோபெக்டின் நிதானமாக, நாள்கணக்கில் அடுக்கிக்கொள்ளும். அப்படி அடுக்கும்போது தண்ணீரில் ஒரு பகுதி படிகத்துக்குள்ளேயே சிறைப்பட்டுப் போகிறது. தராசுக்கு அது தெரியும். நாக்கை நனைக்க மட்டும் வராது.

கண்ணுக்குத் தெரியாத இந்த அடுக்கைப் பார்த்தவர் ஆம்ஸ்டர்டாமைச் சேர்ந்த காட்ஸ். ரொட்டிச் சாலைத் தொழிலாளிகளை நடுராத்திரி வேலையிலிருந்து விடுவிக்க முடியுமா என்ற கேள்விதான் அவரை இந்த ஆராய்ச்சியில் இறக்கியது. ரொட்டி நாள் முழுக்க மென்மையாக நின்றால் விடியுமுன் சுட வேண்டியதில்லையே. 1920களின் இறுதியில் அவர் புது ரொட்டியிலும் பழைய ரொட்டியிலும் எக்ஸ் கதிரைப் பாய்ச்சினார். அணுக்கள் ஒழுங்காக அடுக்கியிருந்தால் கதிர்கள் குறிப்பிட்ட திசைகளில் சிதறி, படத்தகட்டில் கூர்மையான வளையங்களாகப் பதியும். ஒழுங்கில்லாவிட்டால் மங்கலாகக் கலங்கிவிடும். பழைய ரொட்டியின் படத்தில் புது ரொட்டியில் இல்லாத வளையங்கள் வந்தன. கிளைச் சங்கிலிதான் நாள்பட்ட விறைப்புக்குக் காரணம் என்று பிரித்துக் காட்டியது 1947இல் ஷோக், ஃபிரெஞ்ச் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள். அமைலோபெக்டின் படிகம் 60 டிகிரியை ஒட்டிய சூட்டிலேயே கலைந்துவிடும். அமைலோஸ் படிகம் கலைய 100 டிகிரிக்கு மேல் வேண்டும். பூஸங்கோவின் ரொட்டி ஏன் திரும்ப மென்மையானது, ஏன் பச்சை மாவாகக் குழையவில்லை என்ற இரண்டுக்கும் இதில் விடை இருக்கிறது.

இதிலிருந்து இன்னொன்றும் புரியும். பன்னைக் கெடாமல் காக்க நினைத்து ஃபிரிட்ஜில் வைப்பவர் பூஞ்சையைத் தடுக்கிறார், விறைப்பை வலிய அழைக்கிறார். நான்கு டிகிரியை ஒட்டிய குளிரில்தான் மீள்படிகமாதல் மிக வேகம். ஃபிரிட்ஜில் ஒரு ராத்திரி இருந்த சோறு பருக்கை பருக்கையாக விறைப்பதும், இட்லி கல்லாவதும் இதே கணக்கு. மைனஸ் 18இல் அப்படியில்லை. தண்ணீர் உறைந்துபோவதால் சங்கிலிகள் அசைய இடமில்லாமல் நின்றுவிடுகின்றன. ஸ்வீடன்காரர்கள் குங்குமப்பூமீது பழிபோட்டாலும் கைப்பழக்கத்தில் கெட்டிக்காரர்கள். பன் கைச்சூட்டுக்கு ஆறியதும் பையில் கட்டி அன்றே ஃபிரீசரில் போட்டுவிடுவார்கள், லூசியா காலையில் வேண்டியதை மட்டும் எடுத்துச் சூடாக்குவார்கள். ஆபத்தான ஃபிரிட்ஜ் குளிரைச் சின்னப் பன் சீக்கிரம் கடந்துவிடும் என்பதும் இதில் வசதி.

விறைப்பைத் தள்ளிப்போடவும் வழி உண்டு. பாலில் கொஞ்சத்தை எடுத்து, சிறிது மைதாவோடு அடுப்பில் கிண்டிக் கூழாக்கி ஆறவிட்டு மாவில் சேர்ப்பார்கள். முன்கூட்டியே கூழான மாவுச்சத்து தன் எடையைவிடப் பல மடங்கு தண்ணீரைப் பிடித்துவைக்கும். மாவு கையில் ஒட்டாமலே ஈரம் கூடும். கடை ரொட்டி வாரக்கணக்கில் மெத்தென்று இருப்பது வேறு தந்திரம். அதில் சேர்க்கும் நொதி அமைலோபெக்டினின் கிளை நுனிகளை நறுக்கிவிடுவதால் அவை அடுக்கிக்கொள்ளத் தோதில்லாமல் போகின்றன. வீட்டுக்கு அது தேவையில்லை என்பது என் எண்ணம், லுஸ்ஸெகட் வாரக்கணக்கில் மிஞ்சும் பண்டமுமல்ல. உலர்திராட்சையை மட்டும் முதலில் வெந்நீரில் ஊறவிடுங்கள். காய்ந்த திராட்சை தன்னைச் சுற்றியுள்ள மாவிலிருந்து ஈரத்தைத் திருடும். நன்றாக அழுத்தாவிட்டால் பன் உப்பும்போது மேலே வந்து, ஓவனில் கருகிக் கசக்கவும் செய்யும்.

பழைய பன்னை மீட்பதில் ஸ்வீடன் வேதியியலுக்கு முன்பே தேர்ச்சி பெற்றிருந்தது. ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு தொடங்குவதற்கு முதல்நாள் அங்கே செம்லா என்ற பன் தின்பார்கள். இன்று அதில் பாதாம் விழுதும் அடித்த கிரீமும் வைக்கிறார்கள். பழைய முறையில் அதைக் கிண்ணத்தில் இட்டுச் சூடான பாலை ஊற்றிக் கொடுப்பார்கள், அதற்கு ஹெட்வெக் என்று பெயர். சூடு படிகத்தைக் கலைக்கிறது, பால் இழந்த ஈரத்தை ஈடுகட்டுகிறது. பூஸங்கோ பிறப்பதற்கு முன்பே நடந்த வைத்தியம். மன்னர் அடோல்ஃப் ஃபிரெட்ரிக் 1771 பிப்ரவரி 12 அன்று பெருவிருந்தை முடித்துவிட்டு ஹெட்வெக்கும் சாப்பிட்டார், அன்றே இறந்துபோனார். பன் தின்றே செத்த ராஜா என்று பள்ளிப் பிள்ளைகள்கூடச் சொல்வார்கள். விருந்தில் சிங்கி இறாலும் மீன் சினையும் ஷாம்பெயினும் இருந்தன என்பதை யாரும் நினைவில் வைப்பதில்லை. குங்குமப்பூவுக்கு நேர்ந்ததுதான் அந்தப் பன்னுக்கும்.

லுஸ்ஸெகட்டுக்குப் பால் வேண்டாம். மைக்ரோவேவில் பத்துப் பதினைந்து விநாடி, அல்லது ஓவனில் மூடிவைத்துச் சில நிமிடம் போதும். பன்னின் உள்ளே 60 டிகிரியைத் தாண்டினால் வேலை முடிந்தது. ஒவ்வொரு முறை சூடாக்கும்போதும் கொஞ்சம் உண்மையான தண்ணீரும் ஆவியாகப் போவதால், ஒன்றிரண்டு முறைக்கு மேல் இந்த வித்தை பலிக்காது. சூடாக்கிய பன் ஆற ஆறச் சங்கிலிகள் மறுபடி அடுக்கத் தொடங்கிவிடும் என்பதால், சூடாக்கியதை உடனே தின்றுவிட வேண்டும்.